அப்பத்தாவுக்கு யார் சொன்னது?

போன மார்கழியில பிள்ளையார் நோன்பு அன்னைக்கு எங்க வீட்டு வளவுல நடந்தது இது. கார்த்திகைத் தீபத்துலேர்ந்து நாளுக்கு ஒண்ணா கோடி வேட்டியிலேர்ந்து உருவி வச்ச 21 இழையையும் திரியாக்கி, மாவுல பிடிச்ச பிள்ளையார்ல வச்சு, நெய் விட்டு ஏத்தி, எங்க அம்மா ஒவ்வொருத்தர் கையிலயா கொடுத்துக்கிட்டிருந்தாங்க. எரியற சுடரோட அப்படியே வாயில போட்டுக்கணும், அதுக்குப் பேர்தான் இழை எடுத்துக்கறது, நகரத்தார் வீடுகள்ல இது தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. என் மகளுக்குப் பத்து வயசு. கையை நீட்டறதுக்கு முன்னாடி கேட்டா:

"அப்பத்தா, பிள்ளையார் இருக்காருன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க அப்பத்தா சொன்னாக."

"அவுகளுக்கு?"

"அவுக அப்பத்தா."

"அந்த அப்பத்தாவுக்கு யாரு சொன்னா?"

"சுடர் அணையறதுக்குள்ள வாயத் தெற ஆத்தா."

தெறந்தா, போட்டுக்கிட்டா, பேச்சு அதோட முடிஞ்சுது. கூட நின்ன பெரியவர் ஒருத்தர் 'சாமி விஷயத்துல அப்படியெல்லாம் கேக்கப்படாது'ன்னாரு. இன்னொரு உறவுக்காரர் பகுத்தறிவுப் பக்கம், அவரு 'பாத்தீகளா, சின்னப் பிள்ளைக்கே தெரியுது, எல்லாம் காதுவழி வந்த கதை'ன்னாரு. ரெண்டு பேருமே அவ கேட்டதுக்குப் பதில் சொல்லலை. பிள்ளையார் இருக்காரா இல்லையான்னு அவ கேக்கவே இல்ல, ஒங்களுக்கு எப்படித் தெரியும்னுதான் கேட்டா. இது ரெண்டும் வேற வேற கேள்வி, டீக்கடையில நடக்கற கடவுள் சண்டை பாதிக்குப் பாதி இது ரெண்டையும் குழப்பிக்கறதாலதான் முடியாம போகுது.

வித்தியாசம் என்னன்னா, நம்ம பக்கம் போர் போடறதுக்கு முன்னாடி உள்ளங்கையில தேங்காய வச்சுக்கிட்டு நிலத்துல நடந்து நீரோட்டம் பாப்பாங்க இல்லையா, தேங்காய் எழுந்து நின்ன இடத்துல தோண்டினா தண்ணியும் வந்துருச்சுன்னு வைங்க. அவர் சொன்னது உண்மைதான். ஆனா அவருக்குத் தெரிஞ்சிருந்துதா, இல்ல அமைஞ்சுபோச்சா? உண்மையா இருக்கறது ஒண்ணு, அதை அறிஞ்சிருக்கறது இன்னொண்ணு. கடவுள் உண்மையிலேயே இருந்தாலும் அவரை நம்பற ஒருத்தர் வெறும் குருட்டாம்போக்குல நம்பிட்டிருக்கலாம். கடவுள் இல்லாமலே போனாலும், கையில இருக்கற ஆதாரத்தை வச்சு நம்பின ஒருத்தர் நியாயமாத்தான் நடந்துக்கிட்டார்னு ஆகலாம். மதத் தத்துவத்துல ஒரு பெரிய பகுதி இந்த ரெண்டாவது கேள்வியப் பத்தினதுதான், நம்பறதுக்கு எது நியாயம், அது எங்கேர்ந்து வருது, எவ்வளவு இருந்தா போதும்.

நம்ம மரபுல இதுக்கு அளவைன்னு பேர். நெல்ல மரக்கால்ல அளக்கற மாதிரி அறிவை அளக்கறது. 13ம் நூற்றாண்டுல அருணந்தி சிவாச்சாரியார் எழுதின சிவஞான சித்தியார்ல பரபக்கம்னு ஒரு பகுதி இருக்கு, கண்ணுக்குத் தெரியறது மட்டும்தான் உண்டுங்கற உலோகாயதர்லேர்ந்து ஆரம்பிச்சு 14 எதிர்த்தரப்போட வாதத்தை எடுத்து வச்சு அப்புறம்தான் மறுக்கறார். தன்னோட சித்தாந்தத்தைச் சொல்றதுக்கு முன்னாடியும் எந்தெந்தக் கருவியால ஒண்ண அறிய முடியும்னு பேசிட்டுத்தான் உள்ள போறார். ஆறுன்னு சொல்றவங்க இருக்காங்க, அதுக்கு மேல நாலு சேர்த்துப் பத்துன்னு சொல்றவங்களும் இருக்காங்க, எல்லாமே காண்டல், கருதல், உரைங்கற மூணுல அடங்கிடும்கறது அவர் முடிவு. கண்ணால பாக்கறது, பாத்ததை வச்சு யூகிக்கறது, நம்பத் தகுந்தவங்க சொல்லக் கேக்கறது. சாமி விஷயத்துல கேக்கப்படாதுன்னு சொன்ன பெரியவர் நெத்தி நிறைய திருநீறு பூசியிருந்தாரு, அந்தத் திருநீத்து மரபே கேட்டுத்தான் வளந்திருக்கு, இது எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது.

கருதல் வழிய சீக்கிரமா தாண்டிடறேன். உலகம் தோணுது, நிக்குது, ஒடுங்குது, அதனால அதுக்கு ஒரு கர்த்தா வேணும்கறது, சைவ சித்தாந்தத்தோட மூல நூலான சிவஞான போதத்தோட முதல் சூத்திரம், 'அவன் அவள் அது எனும் அவை'ன்னு ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடியே, தர்க்கத்தை முதன்மையா வச்ச நியாய மரபுல உதயணர், குடத்தைப் பாத்தா குயவன் இருக்கணும்னு தெரியற மாதிரின்னு இதையே விரிச்சு எழுதினார். அருணந்தியோட அதே 13ம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல கிறிஸ்தவத் துறவி தாமஸ் அக்வினாஸ் காரணத்தை வச்சுக் கடவுளுக்குப் போற வழிகளை எழுதிட்டிருந்தார், இங்க இருந்தவங்களுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. எதிர்க் கேள்வியும் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். குயவன் குடம் பண்றதப் பாத்திருக்கோம், அதனால குடம்னா குயவன்னு சொல்ல முடியுது, உலகம் பண்றத யார் பாத்தாங்கன்னு பௌத்தரான இரத்னகீர்த்தி 11ம் நூற்றாண்டுல கேட்டதையும், 18ம் நூற்றாண்டுல ஸ்காட்லாண்டுத் தத்துவவாதி டேவிட் ஹியூம் கேட்டதையும் பக்கத்துல பக்கத்துல வச்சா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இந்த வாதங்கள் வீண்னு நான் சொல்லலை. ஆனா இந்த லாஜிக்கைப் படிச்சுட்டு யாரும் நோன்பு பிடிச்சு நான் பாத்ததில்ல. எங்க அம்மா சொன்ன பதில் காண்டலும் இல்ல, கருதலும் இல்ல, சுத்தமான உரை.

இங்கதான் விஷயம் சூடு பிடிக்குது. படிச்சவங்க பல பேருக்கு 'யாரோ சொன்னாங்க'ங்கறது தாழ்ந்த வகை ஆதாரம்னு ஒரு நினைப்பு. மணிமேகலையில ஒரு காதை இருக்கு, அவ வஞ்சி நகரத்துல சமயக் கணக்கர் ஒவ்வொருத்தரையாப் பாத்து ஒங்க கொள்கை என்ன, சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டே போவா. சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதின்னு எல்லாரையும் கேட்டுட்டுக் கடைசியா பூதவாதிகிட்ட வருவா. அவர் கண்ணால காண்றது மட்டும்தான் உண்மை, யூகம் எல்லாம் செல்லாதும்பார். அதுக்கு அவ ஒரே கேள்வி கேப்பா:

தந்தை தாயரை அனுமானத்தால் அலது
இந்த ஞாலத்து எவ்வகை அறிவாய்

உன்னப் பெத்தவங்க இவங்கதான்னு நீ கண்ணால பாத்தியா? பூம்புகார்லேர்ந்து வந்தவங்கன்னு சொல்லிக்கற நமக்கு, பூம்புகார்ப் பொண்ணு ஒருத்தி அத்தனை வாதிகள் நடுவுல நின்னு இப்படிக் கேக்கறதப் படிக்கும்போது ஒரு பெருமை வருது, மறைக்க மாட்டேன். யோசிச்சுப் பாருங்க, நம்ம பிறந்த தேதி, நம்ம ஊர்ப் பேர், பர்மான்னு ஒரு நாடு இருக்குங்கறது, ரத்தம் உடம்புக்குள்ள சுத்தி வருதுங்கறது, எல்லாமே யாரோ சொல்லித்தான். உரையத் தூக்கிப் போட்டா கையில மிஞ்சறது ரொம்பக் கொஞ்சம்.

ஆனா அவ சொல்ற வார்த்தையக் கவனிக்கணும், உரைன்னு சொல்லல, அனுமானம்னு சொல்றா. மணிமேகலை போய்ச் சேர்ற பௌத்த மரபுல அளவை ரெண்டே ரெண்டுதான், காட்சியும் கருத்தும். பிறர் சொல்றது தனி அளவை கிடையாது, சொல்றவங்க நம்பத் தகுந்தவங்களான்னு எடை போட்டு நாமளா வர்ற முடிவுதான் அது. சைவரும் நியாயத்தாரும் இல்ல, உரை தனி வழிதான்னு நிப்பாங்க. 18ம் நூற்றாண்டுல ஸ்காட்லாண்டுல இதே சண்டை வேற ஆட்களுக்கு நடுவுல நடந்துது. ஹியூம் 1748ல, அறிவுள்ளவன் ஆதாரத்தோட அளவுக்குத்தான் நம்புவான், சாட்சி சொல்றவங்க பேச்சையும் அனுபவத்தை வச்சுத்தான் எடை போடணும், அற்புதம் நடந்துச்சுன்னு யாராவது சொன்னா அது நடந்திருக்கறது அதிசயமா, சொன்னவர் தப்பாச் சொல்லியிருக்கறது அதிசயமான்னு ஒப்பிட்டுப் பாருன்னு எழுதினார். தாமஸ் ரீட் 1764ல, அப்படி எடை போட்டுத்தான் நம்பணும்னா எந்தக் குழந்தையும் பேசவே கத்துக்காது, மனுஷன் உண்மை பேசவும் பேச்சை நம்பவும் பிறவியிலேயே அமைஞ்சவன், சந்தேகம் அப்புறம்தான் வருதுன்னு எழுதினார். என் மகள் 'அம்மா', 'நிலா' எல்லாம் கத்துக்கிட்டத நேர்ல பாத்தவன்கற முறையில எனக்கு ரீட் சொல்றதுல உண்மை அதிகம்னு படுது.

ஆக 'அப்பத்தா சொன்னாக'ங்கறது தன்னளவுல குறையே இல்ல. யார் சொல்லணும்கறதுதான் கேள்வி. நியாய நூல்கள்ல உரைக்கு உரிய ஆளை ஆப்தன்னு சொல்வாங்க, ஆப்த நண்பர்ங்கறோமே அதே ஆப்தம்தான். சுருக்கமாச் சொன்னா அவருக்கு விஷயம் நேரா தெரிஞ்சிருக்கணும், நம்மள ஏமாத்தற எண்ணமும் இருக்கக் கூடாது. எங்க அம்மாவோட அப்பத்தா பேத்திய ஏமாத்தியிருக்க மாட்டாங்க, அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்களும் அப்படித்தான், அதுல எனக்கு டவுட்டே இல்ல. தெரிஞ்சிருந்துதாங்கறதுதான் சிக்கல். இழை இழையா எத்தனை பேர் கை மாறி வந்தாலும், முதல் கையில ஒரு காண்டலோ கருதலோ இருந்திருக்கணும் இல்லையா. பத்து வயசுப் பிள்ளை கேட்டது அந்த முதல் கையத்தான்.

அந்த முதல் கையப் பத்தி எங்க பக்கம் ஒரு கதை உண்டு. கடல் வாணிபத்துக்குப் போன நகரத்தார் நடுக்கடல்ல புயல்ல மாட்டி, திசை தெரியாம தவிச்சப்ப பிள்ளையார வேண்டிக்கிட்டு, நாள் கணக்கு மறந்துடக் கூடாதுன்னு கட்டியிருந்த வேட்டியிலேர்ந்து தினம் ஒரு நூல உருவி வச்சாங்களாம், 21 இழை சேர்ந்தப்ப கரை சேர்ந்தாங்களாம். அதோட நினைவுதான் இந்த நோன்பும்பாங்க. சின்ன வயசுல இதைக் கேக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும், இப்பவும்தான்.

ரோமானிய எழுத்தாளர் சிசரோ கிட்டத்தட்ட இதே மாதிரிக் கதையச் சொல்லியிருக்கார், அது மறுபக்கத்துலேர்ந்து. தயாகரஸ்னு கிரேக்க நாத்திகர் ஒருத்தர். சாமோத்ராக்கிங்கற தீவுக் கோயில்ல, கடல்ல வேண்டிக்கிட்டுப் பிழைச்சு வந்தவங்க காணிக்கையா வச்ச ஓவியங்களைக் காட்டி, தெய்வம் இல்லைங்கறியே, இத்தனை பேரப் பாருன்னு நண்பர் கேட்டாராம். அதுக்கு அவர், முழுகிப் போனவங்க படம் எங்கயும் மாட்டலையேன்னாராம். 1620ல இங்கிலாந்துத் தத்துவவாதி பிரான்சிஸ் பேக்கன் பேரச் சொல்லாம இதையே எடுத்து, மனுஷ மனசு தனக்குச் சாதகமானத மட்டும் எண்ணி வைக்கற பழக்கத்துக்கு உதாரணமா எழுதினார். புயல்ல முழுகின கப்பல்லயும் வேட்டி கட்டினவங்கதான் இருந்திருப்பாங்க, அவங்களும் பிள்ளையார்தான் வேண்டியிருப்பாங்க, அந்த இழைகளை எண்ணிச் சொல்லக் கரைக்கு ஆள் வரலை. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரலைங்கறதுதான் நெஜம். கதை பொய்னு இதால ஆகாது. பிழைச்சவங்க சாட்சிய மட்டும் வச்சுக் கணக்கு முடிக்க முடியாதுன்னு ஆகும். கணக்குத் தெரிஞ்ச ஊர் நம்மது, வரவ மட்டும் எழுதிப் பற்று எழுதாத பேரேட்டை எந்தச் செட்டியாரும் ஒத்துக்க மாட்டார்.

கப்பல்னு சொன்னதும் வில்லியம் கிளிஃபோர்ட் ஞாபகம் வராம இருக்காது. இங்கிலாந்துக் கணித மேதை, 1877ல நம்பிக்கையோட அறம் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கப்பல் முதலாளி, கப்பல் பழசு, பல தடவை ரிப்பேர் பாத்தது, குடும்பம் குடும்பமா ஆட்கள ஏத்திக்கிட்டுப் போகப் போகுது. மனசுல உறுத்தல் இருக்கு. எத்தனையோ புயலத் தாண்டி வந்த கப்பல்தானே, இத்தனை அப்பாவிக் குடும்பங்கள தெய்வம் கைவிடுமான்னு தன்னையே சமாதானப்படுத்திக்கறார், கடைசியில உண்மையாவே நம்பிடறார், அனுப்பிடறார். கப்பல் முழுகுது, இன்சூரன்ஸ் காசு வருது. அவர் குற்றவாளின்னு கிளிஃபோர்ட் சொல்றதுல ஆச்சரியம் இல்ல. கப்பல் பத்திரமாப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் அதே அளவு குற்றவாளிதான்னு சொல்றார் பாருங்க, அங்கதான் விஷயம் இருக்கு. நம்பினது சரியா தப்பாங்கறது இல்ல, நம்பறதுக்கு அவருக்கு உரிமை இருந்துதாங்கறதுதான். போதுமான ஆதாரம் இல்லாம எதையும் நம்பறது எப்பவும், எங்கயும், யாருக்கும் தப்புங்கறது அவர் முடிவு.

இது கடுமையான வார்த்தை, இருந்தாலும் எங்க ஊர்ச் சரித்திரம் தெரிஞ்சவங்களுக்கு இதோட எடை புரியும். 1930கள்ல உலகமெங்கும் விலை விழுந்து நெல்லு விலையும் விழுந்தப்ப, கடனுக்கு ஈடா வந்து வந்தே கீழ் பர்மாவோட முக்கிய நெல் ஜில்லாக்கள்ல கிட்டத்தட்ட கால் பங்கு நிலம் 1937 வாக்குல செட்டியார்கள் கைக்கு வந்துருச்சு. நிலம் நம்ம தொழில் இல்ல, பணம்தான் தொழில், அது நிலத்துல போய் முடங்கிக்கிச்சு. 1942ல ஜப்பான்காரன் வந்தான், ஆயிரம் ஆயிரமா இந்தியர்கள் காடு மலை வழியா நடந்தே தப்பிச்சு வந்தாங்க, வழியில செத்தவங்களும் நிறைய. நிலமும் போச்சு. போன ஊர்ல எல்லாம் வேல் நட்டுத் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பின சனம் அது, சிங்கப்பூர் டாங்க் ரோடு கோயில் 1859லயே வந்தது. வேண்டாமலா இருந்திருப்பாங்க. தெய்வம் பாத்துக்கும்னு நம்பினது யாருக்காவது கண்ணைக் கட்டியிருந்தா, விலை கொடுத்தது அவர் மட்டும் இல்ல, அவர்கிட்ட டெபாசிட் போட்ட கைம்பெண்களும் பர்மா விவசாயியும் சேர்ந்துதான். அடுத்தவங்க தலையில விடியற நம்பிக்கைன்னு வந்துட்டா நான் கிளிஃபோர்ட் பக்கம், அதுல மாற்றமே இல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகாம திருநீறு மட்டும் பூசறவங்ககிட்டயும் எனக்கு இதே கோபம்தான்.

ஆனா எல்லா நம்பிக்கையும் அப்படிக் கிடையாது. 1896ல அமெரிக்காவுல தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் கிளிஃபோர்டுக்கு நேரடியாவே பதில் எழுதினார். சில கேள்விகள்ல ஆதாரம் ரெண்டு பக்கமும் தீராது, ஆனா தள்ளிப் போடவும் முடியாது, தள்ளிப் போடறதே ஒரு முடிவாயிடும், வாழ்க்கையும் அதுல தொங்கிட்டிருக்கும். அந்த இடத்துல மனசு சாயற பக்கம் சாயறதுக்கு மனுஷனுக்கு உரிமை உண்டுன்னார். நட்பை உதாரணம் சொல்வார், அவனுக்கு என்னைப் பிடிக்குமான்னு ஆதாரம் கேட்டுக் காத்துட்டே இருந்தா பிடிக்கவே பிடிக்காது, நாம முதல்ல நம்பி ஒரு அடி வச்சாத்தான் அந்த நம்பிக்கைய உண்மையாக்கற ஆதாரமே பிறக்கும். அந்தக் காலத்துல மூணு வருஷக் கணக்குன்னு ஏஜெண்ட் ஒருத்தர பெட்டகச் சாவியோட ரங்கூனுக்கு அனுப்பிட்டு இங்க உக்காந்திருந்த முதலாளிக்கு இது விளக்கவே வேண்டாம். முதல்ல முழுசா சோதிச்சுட்டுத்தான் அனுப்புவேன்னா அனுப்பவே முடியாது, அனுப்பிட்டுத் தினம் சந்தேகப்பட்டாலும் தொழில் நடக்காது.

வள்ளுவர் தெரிந்து தெளிதல் அதிகாரத்தைக் கடைசியா இப்படி முடிப்பார்:

தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்
தீரா இடும்பை தரும்

ஆராயாம நம்பறதும் கேடு, ஆராஞ்சு நம்பின பிறகு சந்தேகப்படறதும் கேடு. முதல் பாதி கிளிஃபோர்ட், ரெண்டாம் பாதி ஜேம்ஸ். வள்ளுவர் பேசறது ராஜா ஆள் எடுக்கறதப் பத்தி, தெய்வத்தைப் பத்தி இல்ல, அதனால அப்படியே தூக்கி இங்க ஒட்ட மாட்டேன். ஆனா நம்பிக்கைங்கற ஒரே சொல்ல நாம மனுஷங்களுக்கும் தெய்வத்துக்கும் பயன்படுத்தறோம்கறது வெறும் தற்செயல் இல்லன்னு தோணுது. பிள்ளையார நம்பறேன்னு எங்க அம்மா சொல்லும்போது 'பிள்ளையார் என்று ஒருவர் உளர்'ங்கற வாக்கியத்துக்கு டிக் அடிக்கறாங்கன்னு எடுத்துக்கிட்டா பாதிதான் புரிஞ்சுதுன்னு அர்த்தம், அவரை நம்பி ஒண்ண ஒப்படைக்கறேன்னும் அதுல இருக்கு.

பாஸ்கலோட பந்தயத்தை இங்க ரெண்டு வரியில சொல்லிடறேன், ஏன்னா நம்ம ஊர்ல அதை எல்லாரும் பேரு தெரியாமயே பேசுவாங்க. 'கும்பிட்டு வைப்போம், இருந்தா லாபம், இல்லன்னா என்ன நட்டம்.' பிரான்ஸ் தேசத்துக் கணித மேதை, அவர் இறந்து எட்டு வருஷம் கழிச்சு 1670ல வெளிவந்த குறிப்புகள்ல இந்தக் கணக்கு இருக்கு. எனக்கு இது ஒட்டவே இல்ல. எந்தச் சாமிய வச்சுப் பந்தயம் கட்டறதுங்கறதுக்கே அந்தக் கணக்குல விடை கிடையாது. அதோட லாபத்துக்காகக் கும்பிடற ஒருத்தர் நம்பறார்னே சொல்ல முடியாது.

இதைவிட ஆழமான பதில் ஒண்ணு இருக்கு. ஆதாரம் கொடு, அப்புறம் நம்பறேங்கற வரிசையே தப்புன்னு சொல்ற பதில். 7ம் நூற்றாண்டு வாக்குல, வேதத்துக்குப் பொருள் சொல்ற மீமாம்ச மரபைச் சேர்ந்த குமாரிலர், ஒரு அறிவு தோணினாலே அது செல்லும், தப்புன்னு காட்ற இன்னொண்ணு வர்ற வரைக்கும் செல்லும், ஒவ்வொண்ணுக்கும் வெளியிலேர்ந்து சாட்சி கேட்டா அந்தச் சாட்சிக்கு இன்னொரு சாட்சின்னு முடிவே இருக்காதுன்னார். அந்த அப்பத்தாவுக்கு யாரு, அந்த அப்பத்தாவுக்கு யாருன்னு என் மகள் போன அதே ஏணிதான். இதுல கவனிக்க வேண்டியது, குமாரிலர் வேதத்தைக் காப்பாத்தத்தான் இதைச் சொன்னார், உலகத்தைப் படைச்ச ஈசுவரன்னு ஒருத்தர் உண்டுங்கறத அவர் ஒத்துக்கவே இல்ல. ஆத்திகம்னா கடவுள் நம்பிக்கைன்னு நாம இன்னைக்கு நினைக்கறது அந்தக் காலத்து வாதங்களுக்கு அப்படியே பொருந்தாது.

அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா 1983லயும் அப்புறம் 2000த்துல வந்த பெரிய நூல்லயும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான் நிக்கறார். நேத்து காலையில என்ன சாப்பிட்டோம்கற ஞாபகத்தை, எதிர்ல இருக்கறவருக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குங்கறத, நாம வாதம் பண்ணியா நம்பறோம்? அதெல்லாம் அஸ்திவாரம், அதுக்கு மேலதான் மத்தது. கடவுள் நம்பிக்கையும் அப்படி ஒரு அஸ்திவாரமா இருக்கலாம், அறிவு சரியா வேலை செய்யும்போது தானா வர்றதா இருக்கலாம்கறார். அப்படின்னா யார் வேணா எதை வேணா அஸ்திவாரம்னு சொல்லிக்கலாமே, வருஷத்துக்கு ஒருநாள் பூசணிக்காய் தெய்வம் தோட்டத்துல எழுந்து வரும்னு ஒருத்தர் சொன்னா என்ன பண்றதுங்கற எதிர்ப்பை அவரே எடுத்து வச்சுப் பதில் சொல்லிப் பாக்கறார். அந்தப் பதில் எனக்கு முழுத் திருப்தி தரலை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலேர்ந்து காவடியோட பழனிக்கு நடக்கறவங்ககிட்ட பேசிப் பாருங்க, காலெல்லாம் கொப்புளம் வந்து இனி ஒரு அடி வைக்க முடியாதுன்னு உக்காந்த இடத்துல யாரோ கூட இருக்கறதா உணர்ந்தேன்னு கண்ணுல தண்ணியோட சொல்வாங்க. அதைப் பொய்யுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. இன்னொரு அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஆல்ஸ்டன் 1991ல இதைத்தான் கிட்டத்தட்ட ஒரு காண்டல் மாதிரின்னு வாதாடினார், கண்ணு நம்பகமானதுன்னு நிரூபிக்கக் கண்ணத்தானே திரும்பவும் நம்ப வேண்டியிருக்கு, அதே சலுகைய இந்த அனுபவத்துக்கும் கொடுங்கன்னு. ஆனா கண்ணால பாத்தா நானும் நீங்களும் பாக்கறது ஒரே ஆலமரம். இந்தக் காண்டல்ல முருக பக்தருக்கு முருகன், நாகூர் போறவருக்கு ஆண்டவர், வேளாங்கண்ணி போறவருக்கு மாதா.

இதுதான் என்னை ரொம்ப நாளா குடையற இடம். காரைக்குடியில இந்தத் தெருவுல பிறந்ததால இழை எடுத்துக்கறேன், அடுத்த தெருவுல பிறந்திருந்தா நோன்பே வேற. நான் நம்பறது உண்மைங்கறதால நம்பறேனா, இங்க பிறந்ததால நம்பறேனா? ஒண்ணு சொல்லணும், நம்பாதவங்களையும் இதே கேள்வி விடாது, நாத்திகர் வீட்ல பிறந்தவர் நாத்திகரா இருக்கறதும் பிறப்பால வந்ததுதானே. சிறுகூடல்பட்டியில 1927ல பிறந்த கண்ணதாசன் நாத்திக மேடையிலயும் நின்னார், பிறகு கண்ணனையும் பாடினார். குன்றக்குடி அடிகளாரும் பெரியாரும் எதிரெதிர் மேடையில மோதினவங்க, பிறகு ஒருத்தர ஒருத்தர் மதிக்கற நண்பர்களானாங்க. ரெண்டு பேருக்கும் மூளை குறைவா, நேர்மை குறைவா? இப்படி நிகரான ரெண்டு பேர் ஒரே விஷயத்துல எதிர் முடிவுக்கு வந்தா ரெண்டு பேரும் தங்களோட உறுதியக் கொஞ்சம் குறைச்சுக்கணுமா, இல்ல அவரவர் இடத்துல நிக்கலாமான்னு தத்துவத்துல இன்னைக்கும் காரசாரமா பேசிட்டிருக்காங்க. அடிகளாரும் பெரியாரும் அவரவர் இடத்துல நின்னாங்க, கேக்கறதை மட்டும் நிறுத்தலைன்னு தோணுது.

அப்பரோட ஒரு பாட்டு இதுல எனக்குத் துணை.

விறகில் தீயினன் பாலில் படுநெய் போல்
மறைய நின்றுளன் மாமணிச் சோதியான்

விறகுல தீ மாதிரி, பால்ல நெய் மாதிரி மறைஞ்சு நிக்கறான், உறவுங்கற கோல நட்டு உணர்வுங்கற கயித்தால இறுக்கி வாங்கிக் கடைஞ்சா முன்னால வந்து நிப்பாங்கறார். சமணத்துல இருந்துட்டுத் திரும்பி வந்தவர், ரெண்டு பக்கமும் பாத்தவர். கனடா நாட்டுத் தத்துவவாதி ஷெல்லன்பர்க் 1993ல, அன்பான கடவுள் இருந்தா உண்மையாத் தேடறவங்களுக்குக்கூட ஏன் மறைஞ்சே இருக்கணும்னு கேட்டார், அப்பர் அந்தக் கேள்விய முன்கூட்டியே ஒத்துக்கிட்டு, மறைஞ்சுதான் இருக்கான், கடையன்னு சொன்ன மாதிரி இருக்கு. ஆனா கடைஞ்சு கடைஞ்சு வெண்ணெய் வராதவங்களும் இருக்காங்க, அவங்க சரியாக் கடையலைன்னு சொல்றது நியாயம் இல்ல. வேண்டுதல் பலிச்சா சாமி கொடுத்தது, பலிக்கலன்னா சாமி சோதிக்குதுன்னா எது நடந்தாலும் கணக்கு நேராகிடும். எது நடந்தாலும் நேராகற கணக்கு எதையும் சொல்லலைன்னுதான் அர்த்தம், 1950ல இங்கிலாந்துத் தத்துவவாதி ஆன்டனி ஃப்ளூ கேட்டது இதைத்தான், என்ன நடந்தா நீ ஒன் நம்பிக்கைய விடுவே? அதுக்கு நேர்மையா ஒரு பதில் வச்சிருக்கற பக்தர்கள்மேல எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஆகவே நம்பிக்கை சொல்லி வழிவழியா வந்ததுங்கறத நான் குறையாப் பாக்கறதில்ல. கை மாறி வந்த வழியில யாராவது ஒருத்தராவது அதைத் தட்டிப் பாத்தாங்களா, வராக்கடன்னு தெரிஞ்சத எழுதித் தள்ளினாங்களாங்கறதுதான் நான் பாக்கறது. எதையுமே தள்ளாம வாங்கினத அப்படியே கொடுத்தா அது அறிவு கை மாறினது இல்ல, மூட்டை கை மாறினது.

பொங்கல் லீவுல முற்றத்துல வத்தல் காய வச்சுக்கிட்டு இருந்தாங்க எங்க அம்மா. மகள் பக்கத்துல போய் உக்காந்தா.

"அப்பத்தா, ஒங்க அப்பத்தா சொன்னது எல்லாத்தையும் நம்புனீகளா?"

"எல்லாத்தையுமா? பொம்பளப் பிள்ளை எழுதப் படிச்சா குடும்பம் வெளங்காதுன்னும் அவுகதேன் சொன்னாக. ஒங்க அயித்தைய நான் காலேசுக்கு அனுப்பலையா?"

"அது மட்டுந்தானா?"

"கெடக்கு நெறைய. அம்மை வந்தா ஊசி போடக் கூடாதுன்னாக, நான் ஒங்கப்பனுக்குப் போட்டேன்."

"அப்ப பிள்ளையார மட்டும் ஏன் நம்புனீக?"

அம்மா வத்தல் நாலஞ்சத் திருப்பிப் போட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் பதில் வந்துது.

"அத இன்னும் பாத்துக்கிட்டுத்தேன் இருக்கேன் ஆத்தா."